எழுபது என்றால் எழுபது

டென்மார்க்கில் நான் முதல் பாட்டு வாங்கியது ரயிலுக்குள்ளேயே. கோயம்புத்தூரில் இருக்கும் என் பட்டறைக்குப் போன் போட்டு, எந்தக் கல்லை எந்த டிரம்மில் உட்கார வைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நாலு மோட்டார் ஓடும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஜன்னலில் ஒட்டியிருந்த ஒரு படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். உதட்டின் மேல் ஒரு விரல் வைத்த படம். அது அமைதிப் பெட்டியாம். போனில் பேசக்கூடாது, பக்கத்தில் இருப்பவரோடும் பேசக்கூடாது. "முக்கியமான விஷயம் போலிருந்தது, அதனால்தான் பத்து நிமிடம் பொறுத்தேன்" என்று இறங்கும்போது ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

நான் கிரைண்டர் செய்பவள். வீட்டுக்காரர் ஆரம்பித்த பட்டறை அவருக்குப் பிறகு என் தலையில் விழுந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஜெர்மனியில் ஒரு இயந்திரக் கண்காட்சிக்கு வந்திருந்தேன். மூன்று நாள் கால் கடுக்க நின்றதில், என் கிரைண்டரைப் பார்த்து "சிமெண்ட் கலக்கவா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு டென்மார்க்குக்கு வராமல் போனால் இனிமேல் போனே பண்ண வேண்டாம் என்று ஜெசிந்தா அக்கா சொல்லிவிட்டார். தவிர, நான் அனுப்பிய கிரைண்டர் ஒன்று அங்கே திக்கித் திக்கி ஓடுகிறது என்ற புகாரும் இருந்தது. பார்க்காமல் போனால் தூக்கம் வராது.

ஜெசிந்தா அக்கா மன்னார்க்காரர். கோப்பன்ஹேகனை ஒட்டிய புரொண்பியில் முப்பது வருடமாக இருக்கிறார், முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் கோவைக்கு வந்தவர், சேலையோடு என்னிடம் ஒரு கிரைண்டரும் வாங்கிப் போனார். அதிலிருந்து மாதம் ஒரு தடவையாவது பேசிக்கொள்வோம். அவரோடு அதே இல்லத்தில் வேலை பார்க்கும் அபேனா என்ற கானா நாட்டுப் பெண்ணுக்குத்தான், அக்கா சொல்லி, போன வருடம் பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். செப்டம்பர் மாதக் காற்று காதைப் பிய்த்தது. அக்கா இடியப்பமும் சொதியும் எடுத்து வைத்துவிட்டு, மகள் நிலானியைத் தேநீர் போடச் சொன்னார். அந்தப் பெண் போனிலிருந்து தலை தூக்காமலே டேனிஷில் ஏதோ சொன்னாள். "என்ன சொல்லுதுங்க?" என்றேன். "பால் முடிஞ்சுதாம். தமிழ் விளங்கும், வாய் திறந்தா டேனிஷ்தான்" என்றார் அக்கா.

சாப்பிடும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அபேனா வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டா. வாற வெள்ளி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கிடையில போன் எடுத்துச் சொன்னா, எழுதினதைத் திருப்பி எடுக்கலாம் எண்டு எங்கட மேலாளர் சொல்லியிருக்கிறா. அதுக்குப் பிறகு ஏலாது. வாற செவ்வாயும் வியாழனும் ஒரு கொமூனக் கந்தோரின்ர கன்டீனில அவவின்ர சாப்பாட்டைப் பரீட்சை பாக்கினம். பிடிச்சுதெண்டா கிழமைக்கு ரெண்டு நாள் நிரந்தர ஓடர்."

கொமூன என்றால் நம் நகராட்சி மாதிரி, கந்தோர் என்றால் அலுவலகம். "பிடிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பிள்ளையளோட தனிய இருக்கிற மனுசி. பதினொரு வருச வேலை. நீரே யோசிச்சுப் பாரும்."

அபேனா செய்து விற்கும் பண்டத்தின் பெயர் கோசே. காராமணியை ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழற்றி, தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, வெங்காயமும் இஞ்சியும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் போடுவார்கள். நம் காராமணி வடையேதான். ஒரே ஒரு வித்தியாசம், மாவைக் கையால் அடித்து அடித்துப் பஞ்சு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். கறி தின்பதைக் குறைக்க வேண்டும் என்று அந்த ஊர் அலுவலகங்களில் இப்போது பயறு, பருப்பு பக்கம் திரும்பியிருக்கிறார்களாம். நல்ல நேரம் பார்த்துத்தான் அபேனா இறங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அவளைப் பார்த்தேன். புரொண்பியில் ஒரு நூலகத்தின் பின்னறையில் ஆப்பிரிக்கப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு நாள் கூடுகிறார்கள். தொழில் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும். அபேனாவுக்கு நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், நல்ல உயரம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர் மல்லிகா, உங்கள் இயந்திரத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்றாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு ஊர்களில் வளர்ந்தவை. இருந்தாலும் அரை மணி நேரத்தில் பழகிவிட்டன.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சாதனையெல்லாம் அப்புறம்தான். தையல் கடை வைத்திருக்கும் காம்பியாக்காரப் பெண் சொன்னாள்: "எங்கள் ஊரில் நாலு நாளில் தருகிறேன் என்று சொல்லிப் பத்து நாளில் கொடுப்பேன். யாரும் கோபிக்க மாட்டார்கள். இங்கே நாலு நாள் என்றால் நாலாவது நாள் காலையில் வாசலில் நிற்கிறார்கள். இப்போது பத்து நாள் என்று சொல்கிறேன், எட்டாவது நாள் கொடுக்கிறேன்." தலை பின்னிவிடும் கென்யாக்காரப் பெண்ணின் தப்பு வேறு. "தோழிகளுக்கு முதல் தடவை இலவசம் என்றேன். மூன்று வருடமாக அவர்களுக்கு எல்லாமே முதல் தடவைதான்" என்றாள். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைக் காதில் வாங்கி மனதில் போட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்க ஆள் இருந்தால் போதும். தயங்காமல் பெரிதாக ஆரம்பியுங்கள், வருகிற ஆர்டரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியாக என் தொழில் ரகசியம் என்று கொசுறைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் காய் வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சும்மா போடுவார்கள். போடாத கடைக்கு அடுத்த தடவை யாரும் போக மாட்டார்கள். நான் கிரைண்டர் விற்றால் தேங்காய்த் துருவியைச் சும்மா கொடுப்பேன். வாங்குகிறவர் கேட்டதைவிட ஒரு பிடி கூட வையுங்கள், அவர் காலத்துக்கும் உங்களை விட்டுப் போக மாட்டார் என்றேன்.

அறையே கலகலத்துவிட்டது. கானாவில் அதை ன்தோசோ என்கிறார்கள், கென்யாவில் நியொங்கேசா, நைஜீரியாவில் ஜாரா. தக்காளிக்காரி கூட வைத்த தக்காளி, மீன்காரி கூடப் போட்ட மீன் என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கைதட்டல் வேறு. அபேனா குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பூசைக்குப் போய் வந்து, புட்டும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டேன். நண்டு ஓட்டோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து நிலானி முதல் தடவையாகத் தமிழில் வாய் திறந்தாள்: "அன்ரி, கடியுங்கோ. பயப்பிடாதேங்கோ."

திங்கட்கிழமை அபேனா வாடகைக்கு எடுத்திருக்கும் சமையலறைக்குப் போனேன். நாலைந்து பேர் முறை வைத்துப் பயன்படுத்தும் இடம். துடைத்து வைத்த எவர்சில்வர் மேசைகள். கிரைண்டரில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. இட்லி மாவுக்கு ஏற்ற மாதிரி கல்லை இறுக்கி அனுப்பியிருந்தோம். அபேனா தண்ணீர் குறைத்துக் கெட்டியாக அரைக்கிறாள், கல் மாட்டிக்கொண்டு திணறுகிறது. திருகைத் தளர்த்தியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. "இனி இருநூறுகூட அரைக்கலாம்" என்று பீற்றிக்கொண்டேன். அவள் கிண்ணத்தில் மாவை எடுத்து ஐந்து நிமிடம் கையால் அடித்தாள். அதுதான் மிஷின் அரைத்திருக்கிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். அடித்ததில் ஒன்று, அடிக்காததில் ஒன்று போட்டுக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எண்ணெய்க்கு முன்னால் நின்றபடியே அவள் கேட்டாள். "நாளைக்கு எழுபது கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு கூட வைக்கலாம்?"

"பத்துப் பதினஞ்சு போடு. சமையல்காரங்களுக்குத் தனியா ஒரு டப்பா கொடு. கூடத் தொட்டுக்கறதுக்கு ஏதாவது வை. சமையல்கட்டுல இருக்கறவங்களைக் கையில போட்டுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றேன். அவளுக்கும் முகம் மலர்ந்தது. ஷீட்டோ என்று ஒரு கறுப்பு மிளகாய்த் தொக்கு செய்வாளாம், அதில் ஒரு சின்னப் பாட்டில் வைக்கிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். அபேனாவின் வண்டி, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். சென்னையில் மீன்பாடி வண்டி பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த ஊரில் பிள்ளைகளைக்கூட அதில்தான் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறார்கள். நான் பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கோசே டப்பாக்கள் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அபேனா சொல்லிவிட்டாள். ஐம்பத்து நாலு வயதில், சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டும் போட்டு, மடியில் வடை டப்பாக்களோடு பெட்டிக்குள் உட்கார்ந்து போனேன். ஒரு சிக்னலில் பக்கத்துப் பெட்டியில் இருந்த மூன்று வயதுக் குழந்தை என்னையே பார்த்தது. நான் கையசைத்தேன். அது அசைக்கவில்லை.

கன்டீன் பொறுப்பாளர் பெயர் லேனே. நரைத்த கட்டை முடி, சுத்தமான மேலங்கி. என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார். டப்பாக்களைத் திறந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"எழுபது கேட்டிருந்தேன். சீட்டிலும் எழுபது என்றுதான் இருக்கிறது. இங்கே எண்பத்து நான்கு இருக்கிறதே, எங்கே தவறு?"

"தவறு இல்லை. எங்கள் அன்பு" என்றாள் அபேனா. தனி டப்பாவையும் தொக்குப் பாட்டிலையும் எடுத்து நீட்டினாள். "இது உங்கள் சமையலறைக்கு."

லேனே கையை நீட்டவில்லை.

"உங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவே எடுக்கவில்லை. அதற்கு முன்னால் உங்களிடமிருந்து நான் எதுவும் வாங்கக்கூடாது. இது மக்களுடைய பணத்தில் நடக்கும் இடம்." குரல் உயரவே இல்லை. "பதினான்கு மீந்தால் அதையும் எடை போட்டுத் தினம் எழுத வேண்டும். வீணான சாப்பாட்டுக் கணக்கில் அது என் பெயருக்கு வரும். சரி, இந்தப் பாட்டிலில் என்ன?"

"மிளகாய், எண்ணெய், காய்ந்த மீன், காய்ந்த இறால்."

"எங்கள் சமையலறையில் ஒருவருக்கு இறால் ஆகாது. மூச்சு அடைத்துவிடும். இதில் எதுவுமே எழுதி ஒட்டவில்லையே."

அபேனா நீட்டிய பாட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏதாவது பேசிச் சமாளிக்கலாம் என்று நான் வாயெடுத்தேன். என் முழங்கையை அழுத்தி நிறுத்தினாள். லேனே எழுபதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "வியாழக்கிழமையும் என்று பேசியிருக்கிறோம், வாருங்கள்" என்றார். அதில் கோபமும் இல்லை, நம்பிக்கை தருகிற மாதிரியும் ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் நான் பெட்டிக்குள், பதினான்கு கோசேயும் அந்தத் தனி டப்பாவும் தொக்கும் என் மடியில். அவள் மிதித்துக்கொண்டே வந்தாள். மழை தூறியது. எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருட வேலையை ஒருத்தி ஒரு டப்பா வடையை நம்பி விட்டிருக்கிறாள். நேற்று வந்த நான் அதில் கையை வைத்துக் கெடுத்துவிட்டேன். கூட்டத்தில் வாங்கிய கைதட்டலை நினைத்தபோது இன்னும் கூசியது.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா அக்காவும் விடவில்லை.

"என்ன விசர் வேலை பாத்தனீர், மல்லிகா? கொமூன ஆக்களுக்கு வேலை முடியமுந்திச் சாப்பாட்டுப் பெட்டி நீட்டினா அவை என்ன நினைப்பினம்? நான் வந்த புதுசில டொக்டருக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டு போனனான். ஒரு தாதி வந்து பத்து நிமிசம் நிண்டு எனக்கு விளங்கப்படுத்தினவ."

"அதை ஏனுங்க அக்கா என்கிட்ட முன்னாலயே சொல்லலை?"

"நீர் கேட்டனீரோ? ஊர் உலகத்துக்கெல்லாம் புத்தி சொல்லுற ஆளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

புதன்கிழமை மனசு சரியில்லாமல் தனியாக நடக்கக் கிளம்பினேன். வீடுகள் இருக்கும் தெருவொன்றில், ஒரு வேலிக்கு வெளியே சின்ன மேசை போட்டிருந்தது. அதன் மேல் காகிதப் பைகளில் ஆப்பிள், பக்கத்தில் விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு தகர டப்பா. விற்கிறவர் யாருமில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தலையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு அம்மா சைக்கிளை நிறுத்தினார், ஒரு பை எடுத்தார், காசு போட்டார், போய்விட்டார். இரண்டாவது பையைத் தூக்கி எடை பார்க்கவில்லை. பெரிய பழமாகப் பொறுக்கவும் இல்லை. நானும் ஒரு பை எடுத்தேன். என்னையறியாமல் பக்கத்துப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் பையில் போடக் கை போனது. கொசுறு! சட்டென்று திருப்பி வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லாததுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. ஆள் இல்லாமல் கடை நடக்க வேண்டும் என்றால் எழுதியிருப்பது எழுதியபடி இருக்க வேண்டும், எடுப்பவரும் அப்படியே எடுக்க வேண்டும். நான் கூட வைப்பதை மரியாதை என்று நினைத்தேன். அவர்கள் சொன்னபடி வைப்பதை மரியாதை என்று நினைக்கிறார்கள். இது தெரிய எனக்கு ஒரு ஆப்பிள் மேசை வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஆப்பிளோடு அபேனாவின் சமையலறைக்குப் போனேன். அவள் காராமணியை ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவை நேரில் பார்த்து, எல்லாம் என் தப்பு என்று சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன்.

"நீங்கள் சொன்னதற்காக நான் செய்யவில்லை. எனக்கே ஆசை இருந்தது" என்றாள் அபேனா. "பதினொரு வருடமாக வயதானவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன், சிஸ்டர். ஒரு மாத்திரை கூடப் போனால் என் வேலை போய்விடும். அன்பாக ஒன்று கூடக் கொடுத்தேன் என்று சொல்ல முடியுமா? இந்த ஊரில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அது. சட்டியைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டேன்."

செவ்வாய் சாயங்காலமே லேனேவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாளாம். கோசேயில் என்னென்ன இருக்கிறது, தொக்கில் என்னென்ன இருந்தது, ஏன் கூட வைத்தேன், இனி வைக்க மாட்டேன். எல்லாம் சேர்த்து ஐந்து வரி. "அவர் என்ன எழுதினார்?" என்று கேட்டேன். போனை நீட்டினாள். "நன்றி. வியாழக்கிழமை" என்று மட்டும் இருந்தது. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் புரியவில்லை.

வியாழக்கிழமை எழுபது போட்டோம். அவள் எண்ணினாள், நான் எண்ணினேன், அவள் மறுபடியும் எண்ணினாள். கடைசி டப்பாவில் ஒரு மூலை காலியாக இருந்தது. அந்த மூலையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை ஊறியது. அபேனா மூடியைப் போட்டு மூடிவிட்டாள். ஒவ்வொரு டப்பாவிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்து ஒட்டியிருந்தாள்.

லேனே எண்ணிப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாடு முடியும்வரை இருக்க முடியுமா என்று கேட்டார். ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தோம். பதினொன்றரைக்கே கூட்டம் வந்துவிட்டது. தட்டில் ரை என்கிற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட், அதன் பக்கத்தில் நம் கோசே. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்த இரண்டு பேர் பேசியதை அபேனா எனக்குக் காதோரம் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை வந்தது இதுதானா?" "ஆமாம், அதைவிட இன்று காரம்." "நல்லதுதானே." "நல்லதுதான், எனக்கு வேர்க்கிறது."

கடைசியாக ஒரு இளைஞன் தட்டோடு வந்து நின்றான். டிரே காலி. இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். லேனே இல்லை என்று தலையாட்டினார். அவன் ரொட்டியும் சாலட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. எங்கள் பந்தியில் ஒருத்தருக்கு வடை இல்லை என்று ஆகியிருந்தால் வீட்டுக்காரர்கள் தலை காட்ட முடியாது. "ஒண்ணு, ஒரே ஒண்ணு கூட வெச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தேன்.

லேனே ஒரு நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இன்று கோசே எதுவும் மீந்து குப்பைத் தொட்டிக்குப் போகவில்லை. மூன்று பேர் கேட்டு இல்லாமல் போனார்கள்" என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக வந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அடுத்த வாரத்திலிருந்து எண்பது. செவ்வாய், வியாழன். கோடை விடுமுறைவரை. முடியுமா?"

முடியும் என்று அவள் சொல்வதற்குள் நான் மனதில் நூறு தடவை சொல்லிவிட்டேன். அபேனா விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டாள்.

"எண்பது முடியாது. எழுபத்தைந்து."

மேசைக்கு அடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாளே தவிர, பேச்சை நிறுத்தவில்லை.

"அடித்த மாவு இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது, அமுங்கிவிடும். என்னிடம் இருப்பது ஒரு கடாய். எழுபத்தைந்துக்கு மேல் போட்டால் கடைசியில் வருவது கல்லாக இருக்கும். செவ்வாய்க்கிழமை கடைசியாகப் போட்டவை அப்படித்தான் ஆயின. அதை நான் உங்களுக்குத் தர மாட்டேன்."

லேனே பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் வந்த ஆர்டர் எதையும் நான் முடியாது என்று சொன்னதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு பட்டறையில் ஆட்களைப் போட்டு வாட்டுவேன். தாமதமானால் பொய் சொல்வேன். அதைத்தான் சாமர்த்தியம் என்று அந்தப் பெண்களுக்கு மேடையேறிச் சொல்லியும் வைத்திருந்தேன்.

"எழுபத்தைந்து" என்று லேனே எழுதினார். "எப்போது அதிகம் செய்ய முடியும் என்று தோன்றுகிறதோ அப்போது நீங்களே சொல்லுங்கள். நான் கேட்க மாட்டேன்." எழுந்து நின்று அபேனாவுக்குக் கை கொடுத்தார். பிறகு எனக்கும்.

வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அபேனா அப்படியே நின்றாள். சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. வாரம் இரண்டு நாள், எழுபத்தைந்து. அது ஒரு சம்பளம் ஆகாது. இன்னும் இரண்டு இடமாவது பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாமலும் போகலாம். முதியோர் இல்லத்து வேலை நாளை மதியம்வரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு போன் போட்டால் போதும்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சிஸ்டர்?"

"எனக்குத் தெரியலை, அபேனா" என்றேன். இந்தப் பயணத்தில் நான் அவளுக்குச் சொன்னதில் இது ஒன்றுதான் உருப்படியான பதில்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது அவள் ஏற்கனவே காராமணியை அரைக்கப் போட்டிருந்தாள். இருபது நிமிடத்துக்குள் எழுபத்தைந்தும் நன்றாக வருகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்க்கிறாளாம். அவள் போன் ஜன்னலோரத்தில் கிடந்தது. இன்னும் தோல் கழற்றாமல் கிடந்த கொஞ்சம் காராமணியை என்னிடம் கொடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்தால் தோல் கழன்று தண்ணீரில் மிதக்கிறது, மேலாக வழித்து எடுக்க வேண்டும். அந்த வேலையில் இறங்கிவிட்டேன். கிரைண்டர் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதை நிறுத்திவிட்டு அவள் மாவை அடிக்க ஆரம்பித்தாள்.

எண்ணெய் காய்ந்து முக்கால்வாசி போட்டிருப்போம், என் போன் அடித்தது. வேலையிடத்திலிருந்து ஜெசிந்தா அக்கா. ரகசியக் குரல்.

"மல்லிகா, பன்னிரண்டு பத்தாகுது. இங்க மேலாளர் போனைப் பாத்துக்கொண்டே இருந்தவ. அபேனா இன்னும் போன் எடுத்துச் சொல்லேல்லையாம். மறந்துபோனாவோ?"

திரும்பிப் பார்த்தேன். அபேனா கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்து, அவள் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

"மறக்கலைங்க அக்கா" என்றேன். "எண்ணிக்கிட்டு இருக்கறா."